சைடு கேட்டால் சண்டை, கண்ணாடி இறங்கினால் குப்பை: சாலையில் நடப்பதற்கு யார் கணக்கு சொல்வது?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கார் ஓட்டியிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் பழைய மசாலாக் கிடங்குகள். மிளகு மூட்டை இறக்க ஒரு லாரி நின்றால், பின்னால் வருவதெல்லாம் அதோடு நின்றுவிடும். எதிரில் ஆட்டோ, நடுவில் ஜூ டவுன் தேடிப் போகும் சுற்றுலாப் பயணிகள், கிடைத்த இடுக்கில் ஸ்கூட்டர். இங்கே இருக்கும் பரதேசி யூத ஆலயம் கட்டப்பட்டது 1568-ல். கார் என்ற ஒன்றை யாரும் கனவில்கூடப் பார்க்காத காலத்தில் உருவான பகுதி. எதிரெதிரே இரண்டு கார் வந்தால், யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தே ஆகணும்.

யார் எடுப்பது? பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும், கோவையிலிருந்து வார இறுதிக்குக் கிளம்பி வருபவர்களுக்கும் இந்தத் தெரு பழக்கமானதுதான். (2025 அக்டோபரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. காரை எர்ணாகுளத்தில் விட்டுவிட்டுப் படகில் போனால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.) ஆனால் இங்கே நடப்பது தி.நகர் ரங்கநாதன் தெரு பக்கமும் நடக்கிறது, மதுரை மாசி வீதிகளிலும் நடக்கிறது. ஒருத்தர் ஹாரனை அழுத்திப் பிடிக்கிறார், இன்னொருத்தர் கண்ணாடியை இறக்கித் திட்டுகிறார். மூன்றாவது கார்க்காரர் சண்டை முடியும்வரை சிப்ஸ் சாப்பிட்டுவிட்டு, காலி பாக்கெட்டை வெளியே விடுகிறார்.

கோபம் ஒன்று, குப்பை ஒன்று. வேறு வேறு விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் சட்டம் இரண்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. இதைச் செய்தது எந்த வண்டி, அதற்குள் இருந்த ஆள் யார்? பல வருடங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போனது. இப்போது கிடைக்க ஆரம்பித்திருக்கிறது.

ஒரு சைடு தகராறு எதுவரை போகும்?

2025 மே 14 இரவு. மட்டாஞ்சேரி இருக்கும் அதே எர்ணாகுளம் மாவட்டத்தில், கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நாயத்தோடு. 24 வயது இளைஞர் ஒருவர் காரில் போய்க்கொண்டிருந்தார். சமையல் துறையில் வேலை. எதிர்த்தரப்புக் காரில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த இரண்டு பேர். சைடு கொடுப்பது தொடர்பாக வாக்குவாதம். இளைஞர் இறங்கிப் போய்க் கேள்வி கேட்டார், நடப்பதைப் போனில் பதிவு செய்தார். அந்தக் கார் கிளம்பியது. இளைஞர் பானெட்டின் மேல் கிடந்த நிலையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் செல்லப்பட்டார் என்பது போலீஸ் தரப்பு. கீழே விழுந்தவர் இறந்துபோனார். கொலை வழக்கு பதிவானது, இருவரும் கைது செய்யப்பட்டார்கள், பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார்கள்.

இரண்டு தரப்புக்கும் முன்பகை எதுவும் கிடையாது. அந்த இரவுக்கு முன் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூட இல்லை. கைதானவர்கள் பாதுகாப்புப் படையில் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் கவனியுங்கள். 'படிக்காதவங்கதான் ரோட்டுல சண்டை போடுவாங்க' என்று நாம் வசதியாகச் சொல்லிக்கொள்வது இந்த வழக்கில் நிற்காது.

'ரோடு ரேஜ்' என்று சட்டத்தில் ஒரு குற்றம் உண்டா?

கிடையாது. இந்தியச் சட்டத்தில் அந்தப் பெயரில் தனிப் பிரிவு இல்லை. இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். தனிப் பிரிவு இல்லாததால், கோபத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு செயலும் தனித்தனிக் குற்றமாக எண்ணப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவை (பி.என்.எஸ்.) கையில் வைத்துக்கொண்டு ஒரு சாதாரணத் தெருச் சண்டையைப் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

கண்ணாடியை இறக்கி, காது கூசும் வார்த்தையில் திட்டினால் பிரிவு 296, மூன்று மாதம் வரை சிறை. ஓவர்டேக் செய்து, அவர் போக முடியாதபடி வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் பிரிவு 126. ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறும் வண்டியைத்தானே நிறுத்தினோம் என்று நினைப்போம், அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'முறையற்ற தடுப்பு'. சைடு மிரரை உடைத்தால் பிரிவு 324. ஓர் அறை விட்டால் பிரிவு 115, ஓராண்டு வரை சிறை. 'உன்னைக் கொன்னுடுவேன்' என்று மிரட்டினால் பிரிவு 351. அதில் கொலை மிரட்டலுக்கு ஏழு ஆண்டு வரை போகலாம். ஆக்சிலரேட்டரை மிதித்து ஆள்மேல் ஏற்றுவதுபோலப் போனால் பிரிவு 281-ல் தொடங்கி, நோக்கத்தைப் பொறுத்து 109, கொலை முயற்சி. ஆள் இறந்துவிட்டால் கவனக்குறைவு (106), கொலையாகாத மரணம் விளைவித்தல் (105), கொலை (103) என்ற மூன்றில் ஒன்று. எது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். கவனக்குறைவு என்றால் ஐந்து ஆண்டு வரை. கொலை என்றால் ஆயுள் அல்லது தூக்கு. இவ்வளவும் நடந்து முடிய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அறை, மறிப்பு போன்றவற்றில் இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டியதற்கான 281 அந்தச் சமரசப் பட்டியலில் இல்லை. 'பேசித் தீர்த்துட்டோம் சார்' என்று ஸ்டேஷனில் சொன்னாலும் அந்த வழக்கு நிற்கும். குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம் என்று பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 6 சொல்கிறது. வெளிநாட்டு ப்ராஜெக்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நவ்ஜோத் சிங் சித்து வழக்கு உதாரணம். 1988 டிசம்பர் 27, பாட்டியாலாவில் வண்டியை நிறுத்தியது தொடர்பாக ஒரு வாக்குவாதம். அதில் தாக்கப்பட்ட 65 வயதுக்காரர் இறந்துபோனார். கிரிக்கெட் வீரராக இருந்த சித்துவை 1999-ல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. 2006-ல் உயர்நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டனை கொடுத்தது. 2018-ல் உச்சநீதிமன்றம் அதை 1,000 ரூபாய் அபராதமாகக் குறைத்தது. இறந்தவரின் குடும்பம் விடவில்லை. மறுஆய்வு மனுவில், 2022 மே 19 அன்று அதே உச்சநீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. இடையில் அவர் எம்.பி., அமைச்சர், கட்சியின் மாநிலத் தலைவர் எல்லாம் ஆகிவிட்டார். சிறைக்குப் போகும்போது அவருக்கு 58 வயது. சம்பவம் நடந்து 33 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

குறுக்கே நிறுத்துவது பற்றி இன்னொரு கேரளச் சம்பவம். 2024 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் அப்போதைய மேயர் ஆர்யா ராஜேந்திரன் குடும்பத்தோடு போன காருக்கும் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸுக்கும் தகராறு. ஓட்டுநர் ஆபாசமாகச் சைகை காட்டினார் என்று மேயர் புகார் கொடுத்தார். காரை நிறுத்தி பஸ்ஸை மறித்தார்கள் என்று ஓட்டுநர் நீதிமன்றம் போனார். இரண்டு பக்கமும் வழக்கு பதிவானது. பஸ்ஸுக்குள் இருந்த கேமராவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று போனால், மெமரி கார்டைக் காணவில்லை! சைகை காட்டினாரா இல்லையா என்ற எளிய கேள்வி, அரசியல் சண்டையாக வளர்ந்தது.

எண்கள் என்ன சொல்கின்றன?

சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்து அறிக்கை வெளியிடுகிறது. விபத்துக்கான காரணங்களாக அதிவேகம், குடிபோதை, தவறான திசையில் ஓட்டுவது, சிக்னல் மீறல், செல்போன் ஆகியவற்றைப் பட்டியலிடும். கோபம் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. 2022-ல் 72.3 சதவீத விபத்துகள் 'அதிவேகம்' என்ற ஒரே கட்டத்தில் விழுந்தன. 'என்னை முந்திட்டானா அவன்?' என்று மிதித்த வேகமும், ரயிலைப் பிடிக்க மிதித்த வேகமும் அதே கட்டத்தில்தான் இருக்கும். பிரித்துப் பார்க்க வழியில்லை. தரவை வைத்துப் பிழைப்பு நடத்துகிற எனக்கு இது பெரிய எரிச்சல்.

இருப்பதை வைத்து ஒன்று பார்க்கலாம். 2023-ல் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 67,213. கேரளா மூன்றாமிடம், 48,091. ஆனால் மரணங்கள் தமிழ்நாட்டில் 18,347, கேரளாவில் 4,080. அதாவது 100 விபத்துக்குத் தமிழ்நாட்டில் 27 பேர் இறக்கிறார்கள், கேரளாவில் எட்டு அல்லது ஒன்பது பேர். நாடு முழுக்க எடுத்தால் 36. (மொத்தம் 4,80,583 விபத்துகள், 1,72,890 மரணங்கள்.)

என் பார்வையில் இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. கேரளாவில் ஊர் முடியும் இடமும் அடுத்த ஊர் தொடங்கும் இடமும் தெரியாது. சாலை முழுக்க வீடு, கடை, வளைவு. வேகம் எடுக்க இடமில்லாததால் மோதல் அதிகம், மரணம் குறைவு. இரண்டாவது, சின்ன உரசல்கூட அங்கே போலீஸ் பதிவுக்குப் போய்விடுகிறது. நெருக்கமான சாலையில் ஒரு நாளைக்குப் பத்து முறை 'நீயா நானா' வரும். தமிழ்நாட்டின் நான்கு வழிச் சாலையில் அது குறைவாக வரும், ஆனால் வந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும்.

நல்ல மனுஷன், ஸ்டியரிங் பிடிச்சா ஏன் மாறுகிறார்?

1968-ல் ஆந்தனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். சிக்னல் பச்சையான பிறகும் ஒரு கார் நகராமல் நிற்கும். பின்னால் இருப்பவர் 12 விநாடிக்குள் ஹாரன் அடிக்கிறாரா என்று எண்ணினார்கள். முன்னால் நின்றது பழைய, மலிவான கார் என்றால் 84 சதவீதம் பேர் அடித்தார்கள். பளபளக்கும் விலை உயர்ந்த கார் என்றால் 50 சதவீதம்தான். தாமதம் இரண்டிலும் அதே 12 விநாடி. நம்ம ஊரில் ஆட்டோவுக்கு அடிக்கும் ஹாரனையும் கறுப்பு எஸ்.யூ.வி.க்கு அடிக்கும் ஹாரனையும் நினைத்துப் பாருங்கள். கட்டுப்படுத்தவே முடியாத கோபம் என்றால் ஆளைப் பார்த்து வருமா?

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக (கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி) ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். வண்டியில் ஸ்டிக்கர், அலங்காரம் என்று சொந்த அடையாளங்களை அதிகம் வைத்திருப்பவர்கள், கோபத்தில் வண்டியையே ஆயுதமாகக் காட்டுவதும் அதிகம் என்று கண்டார்கள். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது அன்பா, வம்பா என்பது பொருட்டல்ல. அடையாளம் கூடக்கூட, காரும் அதைச் சுற்றியிருக்கும் சாலையும் 'என் இடம்' என்றாகிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். பின்கண்ணாடியில் குலப்பெருமை, முன்கண்ணாடியில் 'வழக்கறிஞர்', 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு போகும் வண்டிகள் நமக்குப் புதுசா? சென்னைப் போக்குவரத்து போலீஸ் 2024 மே 2 முதல் தனியார் வாகனங்களில் இப்படிப்பட்ட துறை அடையாள ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போட ஆரம்பித்தது. என் தொழிலும் அந்தப் பட்டியலில் உண்டு. சரியான முடிவு என்றே சொல்வேன்.

குப்பைக்கும் இதே மனக்கணக்குதான். காருக்குள் நம் வீடு, சுத்தமாக இருக்கணும். கண்ணாடிக்கு வெளியே யாருடையதும் இல்லை.

ஜன்னல் வழியே போன பாக்கெட் எங்கே போகிறது?

மட்டாஞ்சேரியில் இதற்குப் பதில் கண்ணுக்கு நேரே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே ஓடும் கல்வத்தி கால்வாய் பக்கம் நின்று பாருங்கள். தெருவில் விழுவது ஓடைக்கு, ஓடையிலிருந்து கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து காயலுக்கு. கால்வாய் அடைத்தால் மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர். கால்வாயில் விழாமல் வண்டியில் ஏறிய குப்பைக்கும் கொச்சி ஒரு விலை கொடுத்தது. 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. அணைக்கப் பன்னிரண்டு நாள்போல ஆனது. ஊர் முழுக்கப் புகை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அதற்குப் பிறகுதான் கேரளா சட்டத்தை இறுக்கியது. நகராட்சி, பஞ்சாயத்துச் சட்டங்கள் திருத்தப்பட்டன. பொது இடத்திலோ நீர்நிலையிலோ குப்பை போட்டால் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 1,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. போடுவதைப் படம் பிடித்து அனுப்புபவருக்குச் சன்மானமும் உண்டு. அபராதத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 2,500 ரூபாய். புகார் அனுப்ப மாநிலம் முழுக்க ஒரே வாட்ஸ்அப் எண், 94467 00800.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் சட்டமா என்ற சந்தேகம் 2025-ல் தீர்ந்தது. கொச்சிக் காயலில் படகில் போன ஒரு சுற்றுலாப் பயணி, கரையோர வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் தண்ணீரில் விழுவதை வீடியோ எடுத்தார். அது பின்னணிப் பாடகர் எம்.ஜி. ஸ்ரீகுமாரின் வீடு. முளவுகாடு பஞ்சாயத்து 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. வீட்டுப் பணியாளர் மாம்பழத்தைப் போட்டதுதான் அது என்பது அவர் தந்த விளக்கம். அபராதத்தைக் கட்டினார். எறிந்த கை யாருடையது என்பதைவிட, எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதே அங்கே கேள்வியானது.

வீட்டுக்குச் சரி, ஓடும் காருக்கு? அங்கேதான் உலகம் முழுக்கச் சட்டம் திணறியது. பின் சீட்டில் மூன்று பேர், ஒரு கை வெளியே வந்தது. எந்தக் கை? இங்கிலாந்து 2018 ஏப்ரல் 1 முதல் இந்தக் கேள்வியையே விட்டுவிட்டது. வண்டியிலிருந்து குப்பை விழுந்தால், யார் எறிந்தார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை, பதிவு செய்தவருக்கே உள்ளாட்சி அபராதம் அனுப்பலாம். கேரளாவிலும் நடைமுறையில் நம்பர் பிளேட் வழியாகத்தான் ஆளைத் தேடிப் போகிறார்கள். நண்பர்களோடு டூர் போகும்போது ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ, பின் சீட்டைக் கவனிக்க வேண்டியவரும் அவர்தான்.

அபராதம் இல்லாமலே நடந்த ஒரு கதையும் உண்டு. 2020-ல் குடகு மடிக்கேரி பக்கம் இரண்டு இளைஞர்கள் காலி பீட்ஸா பெட்டிகளைச் சாலையோரம் வீசிவிட்டுப் போனார்கள். பெட்டியில் பில் இருந்தது, பில்லில் போன் நம்பர் இருந்தது. உள்ளூர் சுற்றுலாச் சங்கத்தைச் சேர்ந்தவர் கூப்பிட்டுப் பேசினார். மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் திரும்பி வர மனமில்லை. மைசூர் பக்கம் போய்விட்டார்களாம். பிறகு போலீஸும் பேசியது, நம்பர் சமூக வலைதளத்தில் பரவி அழைப்புகள் குவிந்தன. கடைசியில் 80 கிலோமீட்டர் திரும்பி ஓட்டி வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

படிக்க ஜாலியாக இருக்கும். எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. பில்லில் இருந்த தனிநபர் எண்ணை ஊருக்கே பரப்புவது சரியா? 2018-ல் மும்பையில் சொகுசுக் காரிலிருந்து குப்பை போட்டவரை நடிகை அனுஷ்கா ஷர்மா கண்டிக்கும் வீடியோவை விராட் கோலி முகத்தோடு வெளியிட்டபோதும் இதே விவாதம் வந்தது. அந்த நபர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். புகாரை அதிகாரிக்கு அனுப்புவதும், முகத்தை ஊருக்குக் காட்டுவதும் ஒன்றல்ல. தண்டனை தீர்மானிக்க அமைப்பு இருக்கும்போது அதை அதனிடம் விடுவதே சரி என்பேன்.

அமைப்பும் சில நேரம் ஆளை மாற்றிப் பிடிக்கும். 2025 அக்டோபரில், கேரளப் போக்குவரத்து அமைச்சர் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸை நிறுத்தி, முன்கண்ணாடி அருகே கிடந்த காலி தண்ணீர் பாட்டில்களுக்காக ஊழியர்களைக் கடிந்துகொண்டார். ஓட்டுநர் இடமாற்றம் செய்யப்பட்டார். உயர்நீதிமன்றம் அந்த இடமாற்றத்தை ரத்து செய்தது. நீண்ட தூரம் ஓட்டுபவர் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா? வெளியே எறியாமல் வண்டிக்குள்ளேயே வைத்திருந்தார் என்று சந்தோஷப்படவும் இடமிருந்தது.

ஏற்கெனவே அழுக்கான இடத்தில் இன்னும் அழுக்கு சேர்வது ஏன்? 1990-ல் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் வாகன நிறுத்துமிடத்தில் கார் கண்ணாடிகளில் துண்டுப்பிரசுரம் செருகிவைத்துப் பார்த்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது 14 சதவீதம் பேர் அதைக் கீழே போட்டார்கள். குப்பையாக இருந்தபோது 32 சதவீதம். இன்னொருவர் போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, குப்பையான தரையில் 54 சதவீதம். அதே காட்சியைச் சுத்தமான தரையில் பார்த்தவர்களில் வெறும் 6 சதவீதம்தான் போட்டார்கள். கால்வாயைத் தூர்வாருவது வெள்ளத்துக்கு மட்டும் மருந்தல்ல, அடுத்த பாக்கெட்டுக்கும் மருந்து.

ஓட்டியது நான் இல்லை என்றால்?

கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் அபராதம் போடுகின்றன. பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் பார்ப்பவை. டி.என். நம்பர் பிளேட் என்றாலும் செலான் வரும். கேமராவுக்கு நம்பர் பிளேட்தான் தெரியும் என்பதால் முதல் நோட்டீஸ் உரிமையாளருக்கு. ஓட்டியது வேறு ஆள் என்றால், போலீஸ் கேட்கும்போது அவர் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரத்தைத் தர வேண்டியது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 133-ன்படி உரிமையாளரின் கடமை. 'யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு தெரியலை' என்று சொல்லித் தப்ப முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி, கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். செலான் தவறு என்றால் மறுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

தம்பிக்கோ அக்கா பையனுக்கோ வண்டிச் சாவி கொடுப்பவர்கள் பிரிவு 199ஏ-யைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து.

எதிர்க் காரிலிருந்து ஆள் இறங்கி வந்தால்?

கதவைப் பூட்டுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள், இறங்காதீர்கள். கை கூப்பி 'சாரி' என்று சைகை காட்டுவதால் தப்பு உங்கள் மேல் என்று ஆகாது. வழி இருந்தால் நகர்ந்துவிடுங்கள். விடாமல் பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், பெட்ரோல் பங்கு, போலீஸ் ஸ்டேஷன் போன்ற ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்குப் போய் 112-ஐ அழையுங்கள். டேஷ்கேம் இருந்தால் நல்லது. ஆனால் கேமராவைக் கவசம் என்று நினைத்துவிடாதீர்கள். நாயத்தோட்டில் இறந்த இளைஞரின் கையிலும் பதிவு செய்துகொண்டிருந்த போன் இருந்தது. பதிவு பிறகு நீதிமன்றத்தில் உதவும், அந்த நிமிடத்தில் பூட்டிய கதவுதான் உதவும்.

நிஜமாகவே மோதல் நடந்து யாருக்காவது காயம் என்றால், அவரை மருத்துவமனையில் சேர்ப்பதும் போலீஸுக்குச் சொல்வதும் பிரிவு 134-ன்படி ஓட்டியவரின் கடமை. கூட்டம் தாக்க வருகிறது போன்ற சூழலில் மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் போலீஸுக்குத் தகவல் சொல்லத் தவறக் கூடாது. வழியில் போகும் நீங்கள் உதவினால், பிரிவு 134ஏ உங்களைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லக்கூட யாரும் வற்புறுத்த முடியாது. படுகாயம் அடைந்தவரைத் தக்க நேரத்தில் சேர்த்துக் காப்பாற்றுபவருக்கு மத்திய அரசின் 'ராஹ்-வீர்' திட்டத்தில் 25,000 ரூபாய் சன்மானம் உண்டு. முன்பு இது 5,000-ஆக இருந்தது.

கேரளச் சாலைகளில் விதிமீறல் கண்ணில் பட்டால் எம்-பரிவாஹன் செயலியில் உள்ள 'சிட்டிசன் சென்டினல்' வசதி வழியாகப் படமோ வீடியோவோ அனுப்பலாம். குப்பை என்றால் மேலே சொன்ன வாட்ஸ்அப் எண். நம்பர் பிளேட், இடம், நேரம் தெரிய வேண்டும். ஒன்றே ஒன்று, ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே போனைத் தூக்காதீர்கள். ஓட்டும்போது கையில் போன் வைத்திருப்பதே பிரிவு 184-ன்படி ஆபத்தான ஓட்டுதல், முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. படம் எடுக்கும் வேலையைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.